பக்கத்து வீட்டு உம்மா

என் மகள் முதன்முதலில் சொன்ன சொல் "உம்மா". அதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், வோபர்ன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். கணவருக்கு மிசிசாகா பக்கம், விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. எனக்குக் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. மகள் தவழத் தொடங்கிய நேரம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டி வந்தது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் நின்றபோது, எங்கள் மாடியிலேயே குடியிருந்த முஸ்லிம் அக்கா கதவைத் தட்டினார்.

"என்னட்ட விடுங்கோ தங்கச்சி. என்ர மூண்டோட இதுவும் ஒண்டு."

அவரும் யாழ்ப்பாணம்தான். தமிழ்ப் போராளி இயக்கம் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், முகாமில் இருந்து, பிறகு இங்கே வந்தவர். அதைப் பற்றி அவர் அந்நாளில் பேசியதில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நானும் கேட்டதில்லை.

அவருடைய பிள்ளைகள் தாயை உம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் வேலை முடிந்து போய்க் கையை நீட்டினால் அக்காவின் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அம்மா வந்திட்டா, போங்கோ செல்லம்" என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னிடம் தருவார். அந்த விரல்களைப் பிரிக்கும் நேரம் முழுக்க நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தைத்த கை கூட அவ்வளவு வலித்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் என் சோறு அவளுக்குப் பிடிக்காது. தலையை முகர்ந்தால் அக்கா வீட்டுச் சாம்பிராணி மணக்கும். குளிக்க வார்த்து அந்த மணத்தைப் போக்குவேன். அடுத்த நாள் திரும்ப வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மகள் சோபாவைப் பிடித்து எழுந்து, கையை விட்டுவிட்டு, என்னை நோக்கி நடந்து வந்தாள். நான் கத்திய கத்தலில் கணவர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்ல. உண்மையைச் சொன்னால், பெருமை அடிக்க. அவர் வாயில் கையை வைத்து, "அல்லாஹ், நடந்திட்டாவா!" என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மூத்த மகள் சிரித்துவிட்டாள்.

"அன்ரி, ஷி வாக்ட் லாஸ்ட் வீக். உம்மாதான் சொல்ல வேண்டாம் எண்டவா."

அக்கா மகளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள். "நீங்கள் முதல்ல பாக்கோணும் எண்டுதான் தங்கச்சி" என்றார். அந்த நல்ல மனதுதான் என்னை இன்னும் எரித்தது. என் பிள்ளையின் முதல் நடையை அவர் பார்த்துவிட்டார். அதை எனக்கு விட்டுக்கொடுக்கவும் அவரால் முடிந்தது. என்னிடம் விட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

மகளுக்கு மூன்று வயதான ஆண்டில் கட்டடத்தில் பேச்சுத் தொடங்கியது. கீழே, வாசலுக்குப் பக்கத்தில், குடியிருப்பவர்கள் பாவிக்க ஒரு பார்ட்டி ரூம் இருந்தது. எங்கள் சனம் பிறந்தநாளும், பெண்பிள்ளைகள் பெரியவளானால் செய்யும் சாமத்தியச் சடங்கும் அங்கேதான் வைக்கும். அக்காவும் வேறு சில முஸ்லிம் குடும்பங்களும் வார இறுதியில் பிள்ளைகளுக்கு அங்கே குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். அதைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஒருநாள் லிஃப்டில் ஒரு மனிதன் அக்காவிடம், தலையில் கட்டியதைக் கழற்று, இல்லாவிட்டால் வந்த இடத்துக்குப் போ என்றிருக்கிறான். என் மகள் அவர் இடுப்பில் இருந்திருக்கிறாள். அக்கா அவளுடைய காதைப் பொத்திக்கொண்டாராம்.

"பிள்ளை பயந்திட்டா. ராவில அழுதா யோசிக்காதேங்கோ. அதுக்குத்தான் சொல்லுறன்."

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு, அந்த அறையில் ஓதுவதை நிறுத்த வேண்டும் என்று குடியிருப்பாளர் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு முதல்நாள் எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஊர்ச் சங்கத்தில் இருப்பவர், வெள்ளைக்காரர்களோடு நன்றாகப் பழகுவார்.

"பிள்ளை, நீ கட்டாயம் வந்து கதைக்கோணும். உன்ர மகள் அவவை உம்மா எண்டு கூப்பிடுதாமே? துவாயைத் தலையில போட்டுக்கொண்டு தொழுதாம் எண்டு கேள்விப்பட்டன்."

"அவ சின்னப்பிள்ளை அங்கிள். பாக்கிறதைச் செய்யிறா."

"உதைத்தான் சொல்லச் சொல்லுறன். உவையள் எங்களைப் போல இந்த நாட்டோட கலக்க மாட்டினம். உன்ர பிள்ளையையே தங்கட பக்கம் இழுத்துப் போட்டினம். ஒரு தாய் சொன்னால் எல்லாரும் கேப்பினம்."

அவர் போன பிறகும் அந்தச் சொல் வீட்டுக்குள் நின்றது. இழுத்துப் போட்டார்கள். எத்தனையோ நாள் லிஃப்டுக்குள் நின்று நானே மனதுக்குள் சொன்ன சொல் அது. ஆனால் அவருடைய வாயில் கேட்டபோது வேறு யாருடையதோ போல இருந்தது. நான் எரிந்தது ஒரு பெண்ணின் மடியைப் பார்த்து. கூட்டம் கூட்டியவர்களுடைய கோபம் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

கூட்டத்தில் கதிரைகள் நிரம்பியிருந்தன. அக்கா கடைசி வரிசையில் கணவரோடு இருந்தார். மடியில் என் மகள். நான் கதிரை தேடிக்கொண்டிருந்தபோதே அங்கே ஓடிவிட்டாள். வயதான கனேடியப் பெண் ஒருவர் எழுந்து, தனக்கு யார் மேலும் வெறுப்பில்லை, ஆனால் இங்கே வந்தால் இங்குள்ளவர்களைப் போல இருக்கப் பழக வேண்டும் என்றார். எங்கள் பக்கம் கையைக் காட்டி, "இவர்களைப் பாருங்கள், எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டார்கள்" என்றார். எங்கள் ஆட்கள் சிலர் தலையாட்டினார்கள். அங்கிள் என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் சொன்னேன். கடைசி வரிசையில் இருக்கிற அந்த அம்மா என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். நோன்பு நாளில் தான் ஒன்றும் தின்னாமல் என் பிள்ளைக்குச் சமைத்து ஊட்டுகிறார். என் பிள்ளைக்கு என்னைவிட அவரைத்தான் விருப்பம். எனக்கு அது பொறாமை. அது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். இந்தக் கட்டடத்துக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஓதுகிற பிள்ளைகள் எங்கள் பிறந்தநாள்களை விடச் சத்தம் குறைவு.

யாரோ சிரித்தார்கள். அங்கிள் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

நான் பேசியதால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எந்தச் சமயக் காரியத்துக்கும் அந்த அறையைத் தருவதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அந்த ஆண்டு எங்கள் சரஸ்வதி பூசைக்கும் இடமில்லாமல் போக, அதற்கும் சிலர் என்னையே குறை சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து மேலே போகும்போது லிஃப்டில் நாங்கள் மட்டும்தான். அக்கா சொன்னார்: "எங்களை யாழ்ப்பாணத்தில இருந்து அனுப்பேக்க, தெருவில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை தங்கச்சி. பயம்தான், எனக்கு விளங்கும். ஆனா ஒருத்தராவது ஏதும் சொல்லுவினமோ எண்டு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனனான்."

அந்த நேரத்தில் கூட, மகள் நித்திரை கொண்டது அவருடைய தோளில்தான் என்பது என் கண்ணில் பட்டது.

பனிக்காலம் முடிய அவர்கள் மிசிசாகாவுக்கு மாறிப் போனார்கள். தன் கணவருக்கு அங்கே வேலை என்றார் அக்கா. லிஃப்டில் அந்த மனிதன் சொன்னதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகளை மோர்னிங்சைடில் ஓர் அன்ரியிடம் விட்டேன். அங்கே காலையில் அழுதுகொண்டு என் காலைக் கட்டிப்பிடிப்பாள். அதில் எனக்கு இருந்த சந்தோசத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனோம். வழி முழுக்க மகள் பாடிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்த அக்காவின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது; அவர் இப்போது புதிதாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, அவருடைய முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி. மகளின் பாட்டு நின்றது. அவளுடைய முகத்தில் வந்த அந்த உணர்ச்சியை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் தோளுக்குள் புதைத்தாள். நான் அவளைக் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கிப் பிடித்தேன்.

"இஞ்ச பாருங்கோ செல்லம்" என்றார் அக்கா, குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றி. "இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு."

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் கையிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்விட்டாள்.

நான் வாசலில் குந்தி, உள்ளே போக என் சப்பாத்தைக் கழற்றினேன்.