பதினேழு அடிச் சரிவு

இரண்டு வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் தொடர்மாடியின் வாசலில் நடந்தது இது. பக்கவாதத்தில் என் கணவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. நல்லகாலம், பேச்சுக்கும் புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கர நாற்காலியில் வீடு திரும்பியவருக்கு ஒரே ஒரு ஆசைதான்: பின்னேரங்களில் கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். நாங்கள் இருந்தது கீழ்த்தளத்தில், கடலும் கிட்டத்தான். ஆனால் வாசலில் மூன்று படிகள்.

ஓ.எல். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தே தலை நரைத்தவர் சும்மா இருப்பாரா? படிகளுக்கு மேலால் நாற்காலி இறங்க ஒரு சரிவு கட்ட நினைத்து, அவற்றின் உயரத்தை என்னைக் கொண்டு அளப்பித்தார். ஒன்றரை அடி. பேப்பர் ஓரத்தில் இடக்கையால் கோணல்மாணலாக ஒரு செங்கோண முக்கோணி கீறினார். சரிவு ஐந்து பாகைக்கு மேல் போனால் என்னால் தனியே தள்ள முடியாதாம். உயரமும் கோணமும் தெரியும், செம்பக்கத்தின், அதாவது சரிவின், நீளம்தான் தெரியாது. ஒன்றரையை சைன் ஐந்தால் வகுத்துப் பார்த்துவிட்டு, வாதம் வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"பதினேழு அடிக்குக் கட்டினா, நீர் ஒராளே என்னைக் கொண்டு போகலாம்."

ஆனால் ஒன்பது அடியோடு எங்கள் இடம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் மேல்மாடிச் சிங்களவரின் கார் நிற்கும். முந்தின வருடம் அவருடைய குளியலறைத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் ஒழுகியபோது, அவர் வாசலில் போய் நின்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி ஏசியிருந்தேன். அதன் பிறகு அவரைக் கண்டால் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

"நீர் ஒருக்காக் கேட்டுப் பாருமன்," என்றார் கணவர்.

"அந்த மனிசனிட்டப் போய் நான் பல்லைக் காட்ட மாட்டன். ஒன்பது அடிக்குள்ள கட்டுவம்."

"அப்ப கோணம் பத்துப் பாகைக்குக் கிட்ட வருமப்பா. உம்மால ஏலாது."

"எனக்கு ஏலும்."

விடை வரவேண்டும் என்பதற்காகக் கணக்கை வளைக்கிற பிள்ளையை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. என்னிடம் மட்டும், "சரி, உம்மட விருப்பம்," என்று பேப்பரை மடித்துவிட்டார்.

மேசன் வந்து கட்டிக் கொடுத்தார். முதல் நாள் இறங்கும்போதே நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. கேற்றில் மோதித்தான் நின்றது. அவருக்குக் காயமில்லை, என் மணிக்கட்டு சுளுக்கிவிட்டது. திரும்பி ஏற, காவலாளியும் வழியில் போன ஒருவரும் தள்ள வேண்டியிருந்தது. கணவர் தலை குனிந்தபடி இருந்தார். மறுநாள், "இண்டைக்கு வேண்டாம்," என்றார். பிறகு ஒருநாள் வெயில் என்றார், இன்னொரு நாள் கிரிக்கெட் என்றார். என் கையை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு மேலே போய்க் கேட்போம் என்று நானும் நாளைக் கடத்தினேன். அந்த மழைக்காலத்தில் இரண்டாவது தடவையாக வந்த வாதம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டுக்கு மேல்மாடிக்காரர் வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். போகும்போது, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"அக்கே, அந்தச் சரிவு சரி இல்லை என்று நான் பார்த்தேன். என்ட கார் ரோட்டுல போட ஏலும்தானே. சொல்ல வர நினைச்சேன். கதவு தட்டப் பயம். நீங்க கோவம்தானே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்குமோ தெரியாது.

இப்போது பின்னேரங்களில் நான் தனியாகக் கடற்கரைக்குப் போகிறேன். மற்றவர்கள் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவருக்குக் குறைந்த அந்த எட்டு அடியும் என் வாயிலிருந்து வராத ஒரு சொல்தான் என்ற நினைப்புத்தான் வருகிறது.