அடியே ஆலிஸ்

தேர்வுக்குக் கிளம்புகிற அன்று காலையில் அம்மாவிடம் அதைக் கேட்டிருக்கவே கூடாது. கேட்டுத் தொலைத்துவிட்டாள் ஆலிஸ். வந்த பதிலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பாதி தின்ற உப்புமாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

கேரளத்து மட்டாஞ்சேரிக்கு ஆலிஸ் என்ற பெயர் ஒன்றும் புதிதல்ல. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஆலிஸ் மேல்தான் விழ வேண்டும். ஆலிஸ் டீச்சர் உண்டு, தையல் கடை ஆலிஸ் உண்டு, மீன் விற்கும் ஆலிஸ் சேச்சியும் உண்டு. ஆனால் அவர்கள் எல்லாரும் ஞாயிறானால் பைபிளோடு கிளம்புகிறவர்கள். நம் ஆலிஸ் அப்படியல்ல. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முத்தையாவுக்கும் நீலாம்பாளுக்கும் பிறந்த ஒரே பெண். அப்பா பஜாரில் மூட்டை தூக்கியவர், இப்போது இல்லை. வீட்டில் மாரியம்மன் படம்தான் மாட்டியிருக்கிறது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொன்னால் பூசாரி ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மந்திரம் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே வேதபாட வகுப்பில் உட்கார வைத்து, மறுநாள் விசாரித்துத் தெரிந்துகொண்டு, எழுப்பி நீதிபோதனை வகுப்புக்கு அனுப்பினார்கள்.

ஏன் இந்தப் பேர் என்று யார் கேட்டாலும் நீலாம்பாளிடம் ஒரே பதில்தான். ஆஸ்பத்திரியில் ஒரு ஆலிஸ் சிஸ்டர் இருந்தார்கள், அவர்கள் பேர். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆஸ்பத்திரியில்தான் அவள் துப்புரவு வேலை பார்த்தாள், அங்கேயேதான் மகளையும் பெற்றாள். ஆகவே பிரசவம் பார்த்த ஏதோ புண்ணியவதியின் பேராக இருக்கும் என்று ஆலிஸ் தானாகவே முடிவு கட்டியிருந்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

இப்போது அவளே ஒரு நர்ஸ். தோப்பும்படியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. கேரளத்தில் நர்ஸ் படித்தவர்கள் பாதிப் பேர் ஜெர்மனிக்குப் போகப் பாஷை படித்துக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஆலிஸும் டியூட்டி முடிந்து நேராக வகுப்புக்கு ஓடினாள். எழுத்துத் தேர்வு, கேட்டு விடை சொல்வது எல்லாம் தாண்டியாகிவிட்டது. பேச்சுத் தேர்வில் மட்டும் இரண்டு தரம் மண்ணைக் கவ்வினாள். மனப்பாடம் செய்ததை மழையாகப் பொழிவாள். எதிரில் இருப்பவர் புதிதாக ஒரு கேள்வி கேட்டால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். இது மூன்றாவது தரம். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்காக ஒரு இடத்தை நிறுத்தி வைத்திருந்தது. இந்த முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று முகவர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று விட முடியாது. நீலாம்பாளின் முழங்கால் போய்விட்டது, இனி அவள் எந்த மாடிப்படியையும் துடைக்க முடியாது.

பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில், தானே தயாரித்துக்கொண்டு போன ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசலாம். பிறகு ஜோடியாக வரும் இன்னொரு தேர்வர் அதில் கேள்வி கேட்பார். வகுப்பு எடுக்கும் அனில் சார்தான் யோசனை சொன்னார். ஆலிஸ், உன் பெயரையே எடுத்துக்கொள், அது அசல் ஜெர்மன் சரக்கு என்றார். எல்லாரும் இங்கிலீஷ் பேர் என்றுதானே நினைத்திருந்தார்கள்! சார் பலகையில் எழுதிக் காட்டினார். பழைய ஜெர்மானியப் பெண் பெயர் அடெல்ஹைட். அடெல் என்றால் உயர்குடி. ஹைட் என்றால் வகை, தன்மை. ராணிகளுக்கு வைத்த பெயர். அது பிரான்சுக்குப் போய் மக்கள் வாயில் தேய்ந்து ஆலிஸ் ஆனது, இங்கிலாந்துக்குப் போய், கப்பலேறி, கடைசியில் மட்டாஞ்சேரி மீன் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. அதே அடெல்ஹைட்டை ஜெர்மன்காரர்கள் வீட்டில் செல்லமாக ஹைடி என்று சுருக்கிக் கூப்பிடுவார்களாம். ஆக, ஆலிஸ் என்றால் உயர்குலத்தில் பிறந்தவள்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த தன்யா திரும்பி, "உயர்குலம்னா எந்து குலம், ஆலிஸே?" என்ன குலம் என்று மலையாளம் கலந்து கேட்டாள். தன்யா குடியிருக்கும் அடுக்குமாடியில்தான் நீலாம்பாள் சென்ற வருஷம் வரை படிக்கட்டு துடைத்தாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆலிஸுக்கு முகம் எரிந்தது. சிரித்து மழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் உரையை அப்படி எழுதினாள். பெயரின் ஊர்ப் பயணம் எல்லாம் சொல்லிவிட்டு, உயர்வு பிறப்பில் இல்லை, என் அம்மாவின் கையைப் பிடித்துப் பிரசவம் பார்த்த ஆலிஸ் சிஸ்டரின் அன்பில்தான் இருக்கிறது என்று முடித்தாள். அனில் சாருக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு சம்பவம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னார். அந்த ஒரு சம்பவத்துக்காகத்தான் பாழாய்ப்போன அந்தக் காலையில் அம்மாவிடம் வாயைக் கொடுத்தாள்.

நீலாம்பாள் முதலில் சிரித்தாள். அப்புறம் கையிலிருந்த சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். அன்பா, அவளா என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அந்த ஆலிஸ் சிஸ்டர் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நாலு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தும் நீலாம்பாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழர்களை இளக்காரமாகச் சொல்வதுபோல் "ஏய் பாண்டி" என்பாள், இல்லாவிட்டால் விரலைச் சொடுக்குவாள். வார்டுத் தண்ணீர்ப் பானையை இவள் தொடக் கூடாது. இவளுக்கென்று ஒரு டம்ளர், கக்கூஸ் ஜன்னலில். வலி எடுத்து வந்த நாளில் நீலாம்பாள் வராந்தாவில் வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்துவிட்டுக் கட்டிலில் ஏறு என்றாளாம் அந்த மகராசி. துடைத்துவிட்டுத்தான் ஏறினாளாம்.

"அப்புறம் எதுக்கும்மா அவ பேர எனக்கு வெச்ச?" என்று கேட்டாள் ஆலிஸ்.

"அவளை நான் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமாடி? சிஸ்டர், சிஸ்டர்னு கூழைக்கும்பிடு போடணும். அதான் எனக்குன்னு ஒரு ஆலிஸைப் பெத்துக்கிட்டேன். அடியே ஆலிஸ், இங்க வாடி. ஏ ஆலிஸ், அந்தப் பாத்திரத்தைத் தேய். வார்டு ஜன்னலுக்கு வெளியே உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு, அவ காதுல விழற மாதிரி கூப்பிடுவேன். ஆசை தீரக் கூப்பிட்டேன் போ."

சொல்லிவிட்டு நீலாம்பாள் சாயாவை எடுத்துக் குடித்தாள்.

வைட்டிலா போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. உரையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கையைப் பிடித்து என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. பொய். மொத்தமும் பொய். ஆனால் ஒப்பித்துப் பழகிய பொய், இலக்கணம் சரிபார்த்த பொய். உண்மையைச் சொல்ல அவளிடம் ஜெர்மன் வார்த்தை ஒன்றுகூடத் தயாராக இல்லை. முதலில் வேலை, நியாயம் பேசுவதெல்லாம் அப்புறம். பொய்யையே ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம் என்று பஸ் இறங்கும்போது தீர்மானித்துக்கொண்டாள். அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் சொல்லாதவள் இன்னும் அரை நாள் பொறுத்துக்கொண்டால் என்னவாம்?

தேர்வு நடக்கும் கட்டடத்தின் வாசலில் ஜோடிகளின் பெயர்களைப் படித்தார்கள். அவளுக்கு ஜோடி தன்யா.

தன்யாதான் கேள்வி கேட்கப் போகிறாள். என்ன கேட்பாள்? எந்து குலம் என்று மறுபடியும் கேட்பாளா? உன் அம்மா இப்போதும் படிக்கட்டுதான் துடைக்கிறாளா என்று கேட்பாளா? காத்திருந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தன்யாவின் கையும் வேர்த்துக் கிடந்ததை ஆலிஸ் கவனிக்கவில்லை.

உள்ளே தேர்வாளர்கள் இரண்டு பேர். ஓர் ஆண், நரைத்த முடியோடு ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி. ஆலிஸ் பேசினாள். அடெல்ஹைட் வந்தது, ராணிகள் வந்தார்கள், கப்பல் வந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லை. கையைப் பிடித்து என்ற இடத்தில் மட்டும் குரல் தேய்ந்தது, ஆனாலும் சொல்லிவிட்டாள். உயர்வு பிறப்பில் இல்லை, அன்பில்தான் என்று முடித்தாள். ஆண் தேர்வாளர் தலையசைத்து எதையோ எழுதினார்.

தன்யா தொண்டையைச் செருமினாள். அவள் வஞ்சகமாகக் கேட்கவில்லை, பாவம். அவளுக்கும் தேர்வுதான், கேள்வி கேட்பதற்கும் மதிப்பெண் உண்டு. "அந்த நர்ஸை நீ பிறகு சந்தித்தாயா? சந்தித்தால் அவரிடம் என்ன சொல்வாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

இது மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. முந்தைய இரண்டு தேர்விலும் இங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. நன்றி சொல்வேன் என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் கதை முடிந்தது, தேர்வும் கிட்டத்தட்ட முடிந்தது. ஆலிஸுக்கு வாய் வரவில்லை. வாந்தியைத் துடைக்க வைத்துக் கட்டிலில் ஏற்றியவளுக்கு இவள் எப்படி நன்றி சொல்வாள்? பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தாள். போச்சு, மூன்றாவது தரமும் போச்சு என்று ஆலிஸ் நினைத்தாள்.

"என் அம்மாவின் பேர் என்ன என்று அவரிடம் கேட்பேன்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஓட்டை ஜெர்மன். வேற்றுமை உருபு தப்பியது, வினைச்சொல் வாக்கியத்தின் எங்கோ மூலையில் போய் விழுந்தது. அவருக்குத் தெரியாது என்றாள். நாலு வருஷம் ஒரே வார்டு. அம்மா தரையைத் துடைத்தார், அவர் விரலைச் சொடுக்கினார். நான் முதலில் சொன்னது உண்மையல்ல, அவர் கையைப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும். ஆண் தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். பெண்மணி முன்னால் சாய்ந்து, அப்படியானால் அந்தப் பேரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டாள். ஆலிஸ் வார்த்தை தேடவில்லை. அம்மாவால் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, அதனால் என்னைக் கூப்பிட்டார் என்றாள். உயர்குலம் என்ற பேரை அந்த வார்டிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார் என்றாள். பெண்மணி மேலும் கேட்டாள், இவள் மேலும் சொன்னாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை. தன்யா மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

முடிவு வந்த அன்று ஆலிஸ் போன் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பாஸ். தாராளமாகவே பாஸ். நீலாம்பாள் முழங்கால் வலியை மறந்து தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பஜாரிலிருந்து லட்டு வாங்கி வந்து, மறுநாள் வார்டுக்குக் கொடுத்துவிட ஒரு டப்பாவில் அடுக்கினாள். டாக்டர்களுக்கு, கூட வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கு என்று சொல்லிக்கொண்டே அடுக்கினாள். பிறகு இரண்டு லட்டைத் தனியாகக் காகிதத்தில் கட்டினாள்.

"இது உங்க வார்டு கூட்டுறவளுக்கு. டப்பாவோட வெச்சா அவ கைக்குப் போய்ச் சேராது, நீயே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடு. அவ பேரு என்னடி?"

ஆலிஸ் வாயைத் திறந்தாள். சேச்சி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஐந்து வருஷமாக. தமிழ்க்காரி, நெட்டையாக இருப்பாள், ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள், எல்லாம் தெரியும். பேர்? நீலாம்பாள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அம்மா பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வார்டில் நுழைந்ததும் ஆலிஸ் முதலில் அவளைத்தான் தேடினாள். அவள் கடைசிக் கட்டிலருகே துடைத்துக்கொண்டிருந்தாள். "சேச்சி, உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"எதுக்கு சிஸ்டர் பேரு? யாராச்சும் கம்ப்ளைன்ட் சொன்னாங்களா?"

அதெல்லாம் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று ஆலிஸ் பதறினாள். லட்டை நீட்டினாள். அவள் லட்டையும் பார்த்தாள், ஆலிஸின் முகத்தையும் பார்த்தாள், இரண்டையும் நம்பவில்லை.

"பொன்மணி," என்றாள் கடைசியில், வாய்க்குள்ளேயே. பிறகு அவசரமாகக் குனிந்து வாளியை இழுத்தாள். "கட்டிலுக்கு அடியில இப்பவே துடைச்சிடறேன் சிஸ்டர். மேல எழுதிப் போட்டுடாதீங்க."