கராஜில் ஒரு காளைப் பாட்டு

எங்கள் சித்தப்பா அகதியாகப் படகில் வந்தவர். கிழமை நாட்களில் கோழித் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் கலியாண வீடியோ எடுப்பார். வெரிபீயில் எங்கள் வீட்டுக் கராஜின் சுவரெல்லாம் வெளிச்சத்தம் வராமல் பழைய மெத்தைகளைச் சாத்தி, அதற்கு ஸ்டூடியோ என்று பெயரும் வைத்திருந்தார். அப்பாவின் கார் வெளியே வெயிலில் காய்ந்தது. அம்மா அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

பக்கத்து வீட்டு அங்கிள் தென் சூடான்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவிக்கொண்டே பாடுவார். அவருடைய அப்பா தன் காளையைப் புகழ்ந்து கட்டிய பாட்டு அது. வேலிக்கு இந்தப் பக்கம் டிராம்போலினில் குதித்தபடி நான் கேட்பேன். ஒரு வரியை உரத்துப் பாடுவார். அடுத்ததை வாய்க்குள் முனகுவார். பொருள் தெரியாமலே அந்த முனகல் எனக்குப் பாடமாகிவிட்டது.

அவருக்கு ஆண் குழந்தை பிறந்ததும், அந்தப் பாட்டைப் பதிந்து தரும்படி சித்தப்பாவிடம் வந்தார். அது தெரிந்தவர்களில் தான் மட்டும்தான் மிச்சம் என்றும், மகன் வளரும்போது அது இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒருத்தரும் மூச்சுக் காட்டப்படாது, விளங்குதோ?" என்று எங்களை வரிசையாக உட்கார வைத்தார். ஃபேனை நிறுத்தினார். கராஜில் நின்ற பிரிட்ஜையும் நிறுத்தினார்.

"என்ர மீன் நாறினால் நீர்தான் தின்ன வேணும்," என்றார் அம்மா.

அங்கிள் முதல் வரியைப் பாடினார். நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். கோயிலில் தேவாரம் பாடும்போது கதைத்தால் குட்டு வாங்கும் பிள்ளைகள் நாங்கள். வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டோம். மறுபடி பாடினார், அதே இடத்தில் நின்றார். பாவம், சொல் மறந்துவிட்டது என்று சித்தப்பா நினைத்தார். தொண்டை கட்டிவிட்டது என்று அம்மா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தார். அங்கிள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வேண்டாம், விடுவோம் என்பதுபோலக் கையை விரித்தார். எனக்கு அழுகை வரும்போலிருந்தது.

கடைசி முறையாக ஒரு தடவை என்று சித்தப்பா கெஞ்சினார். அங்கிள் பாடி நிறுத்தியதும், என்னால் அடக்க முடியவில்லை. அவர் முனகும் அந்த வரியை நான் உரத்துப் பாடிவிட்டேன். சித்தப்பா என்னை முறைத்தார். அங்கிளோ இரண்டு கைகளையும் கொம்புகள்போல உயர்த்தி, அடுத்த வரிக்குப் போனார். அவர் பாட, நான் பதில் பாட, பாட்டு முடியும்வரை நிற்கவில்லை.

முடிந்ததும் அவர் மெத்தைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பிள்ளையின் குரலை வெட்டி எடுத்துவிடலாம் என்று சித்தப்பா மெதுவாகச் சொன்னார். வெட்டவே கூடாது என்றார் அங்கிள். என் பாட்டு அவ்வளவு நல்லாயிருந்தது என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்தப் பாட்டைத் தனியாகப் பாடும் வழக்கமே இல்லை என்பதை, நான் யூனிவர்சிட்டிக்குப் போகும் காலத்தில்தான் அங்கிள் சொன்னார். அவர்கள் வீட்டில் பதில் வரி அவருடைய தங்கச்சியுடையது. சண்டைக்குத் தப்பி ஓடிய வழியில் அவள் தவறிப்போனாள். அப்போது அவளுக்கு, கராஜில் பாடிய அன்று எனக்கிருந்த வயதுதான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அங்கிள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருக்கு வேர்க்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் ஃபேனைப் போட்டுவிட்டேன். சித்தப்பா இன்னும் மெஷினை நிறுத்தியிருக்கவில்லை. பதிவின் கடைசியில் அந்த ஃபேன் சத்தம் இப்போதும் கேட்கிறது.