குண்டு உள்ளே போன பிறகு

வெடி வைக்கிறவருக்குத் தன் வேட்டைத் துவக்கின் வாய் மட்டும்தான் தெரியும். குண்டு மானுக்குள்ளே போய் என்ன கூத்தாடியது என்பது உரிக்கிறவனுக்குத்தான் தெரியும். திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால் நான் இறைச்சி வெட்டிய காலத்தில், வேட்டை லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் காட்டில் விழுத்திய மானை உரித்துத் துண்டு போட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மான் கறியை ஆசையோடு வாயில் போட்டு, கடக்கென்று ஈயத்தைக் கடித்து, வந்திருந்தவர்களுக்கு முன்னால் துப்பவும் ஏலாமல் விழுங்கவும் ஏலாமல் முழித்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியாரின் பங்கு

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த செல்லத்துரைக்கு அதுதான் முதல் மான். றைபிளால் மிகக் கிட்ட நின்று வைத்த வெடி. முனையில் ஈயம் தெரிகிற குண்டு; சதைக்குள்ளே போனால் காளான் மாதிரி விரியும், எலும்பில் மோதினால் உடைந்து சிதறும். அவருடைய குண்டு முன்கால் சப்பை எலும்பிலேயே மோதியிருந்தது. தோலை உரித்தால் அந்தப் பக்கம் முழுக்கக் கட்டிபட்ட இரத்தம், எலும்புச் சிராய், குறுணல் அரிசி மாதிரி ஈயத்துண்டுகள். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நல்ல சதைக்குள்ளேயும் ஈயம் கிடந்தது.

"இந்த முன்காலை எறியத்தான் வேணும், தம்பி" என்றேன். மனுசனின் முகம் செத்துப்போனது. கலியாணம் முடித்த பிறகு மாமியார் அவரிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அந்த முன்கால்தான். மற்ற முன்காலோ துவக்கு இரவல் தந்தவருக்கு என்று பேசியாகிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. பின்தொடையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, வாழையிலையில் சுற்றிக் கொடுத்து, "இதைக் குடுங்கோ, ஒண்டும் சொல்லமாட்டா" என்றேன். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, முன்காலுக்கும் பின்காலுக்கும் வித்தியாசம் தெரியாத மாமியாரோ எனக்கு வாய்ச்சிருக்கிறா?"

இரண்டு துவக்கு, ஒரு மான்

திரியாயில் கந்தையாவும் வேலுப்பிள்ளையும் மச்சான்மார். வரம்புச் சண்டையில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதை நிறுத்தியிருந்தார்கள். அவரவர் வயலில் காவல் இருந்தபோது, பயிர் மேய வந்த கலைமான் ஒன்றுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடி வைத்துவிட்டார்கள். மான் விழுந்தது; தீர்ப்புக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள். யாருடைய வெடிக்கு? கொம்பு யாருக்கு? இறைச்சியைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

கந்தையாவின் றைபிள் குண்டு வழியில் ஏதோ கொப்பில் தட்டியிருக்க வேண்டும். குறுக்காகத் திரும்பி முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. வேலுப்பிள்ளையுடையது சன்னம் சிதறுகிற தோட்டாத் துவக்கு; அந்தச் சன்னங்கள் அநேகமாகப் பின்பக்கத் தோலுக்குக் கீழே உருண்டையாகவே கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் விலாவுக்குள்ளால் நுழைந்து இதயத்தில் இறங்கியிருந்தது. அதை எடுத்துத் தட்டில் போட்டேன். கந்தையா மச்சானின் முகத்தைப் பார்க்காமல், கொம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சரி, உன்ர வீட்டிலயே தொங்கட்டும். வந்து பாக்க விடுவியோ?"

நன்றாகப் பட்ட குண்டு

கிண்ணியாவிலிருந்து காசிம் நானா ஒருநாள் தோணியில் துறை தாண்டி, முழு மானைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கழுத்தெலும்பில் பட்ட ஒரே குண்டு. சதை கொஞ்சமும் கெடவில்லை. "எவ்வளவு வடிவான வெடி, நானா!" என்றேன். அவர் வாங்குப் பலகையில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டார்.

அவருடைய மனைவி அப்போது மாசமாக இருந்தா. வாய்க்கு மான் இறைச்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறா. வெடி வைத்துவிட்டுக் கத்தியோடு ஓடியிருக்கிறார். போய்ச் சேருமுன் மானின் மூச்சு அடங்கிவிட்டது. உயிரோடு அறுக்காத இறைச்சி அவர்கள் மார்க்கத்தில் ஆகாது. அரை விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் அவர் கத்திக்கு நேரம் இருந்திருக்கும்.

கேட்டுக்கொண்டு நின்ற என் மனைவி வீட்டுக்குள்ளே போய், தான் போட்டு வைத்திருந்த மாங்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து, "அவவுக்குக் குடுங்கோ" என்று நீட்டினா. நானா அதை இரண்டு கையாலும் வாங்கினார். காட்டிலேயே விட்டிருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம் சுமந்தீர்கள் என்று கேட்டேன். "உசிர எடுத்தது நான். என்ட புள்ளக்கி இல்லாட்டியும், ஒங்கட புள்ளையளாவது தின்னட்டும்."

பழைய ஈயம்

குச்சவெளிச் சின்னராசா கால் இழுத்து நடக்கிறவர். யுத்த காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்தபோது, யப்பான்காரன் போட்ட குண்டின் சிதறல் ஒன்று தொடைக்குள்ளே போயிருந்தது. எடுத்தால் கால் போய்விடும் என்று டொக்டர் அப்படியே விட்டுவிட்டாராம். அவர் கொண்டுவந்த மானின் தொடையை அறுத்தபோது கத்தியில் ஏதோ நெருடியது. சவ்வு மூடிய ஈயம். விரிந்து, சப்பையாகி, கறுத்துப்போய். அவருடைய குண்டில்லை. அது விலாவில் இருந்தது. இது எவரோ எப்போதோ வைத்த வெடி. தோலில் தழும்பு ஆறி மயிரும் முளைத்துவிட்டது.

அதைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மற்றக் கை தன்பாட்டில் தன்னுடைய தொடையைத் தடவியது. "மாரி மழைக்கு இந்த மானுக்கும் உளைஞ்சிருக்கும், என்ன? ஆரிட்டப் போய்ச் சொல்லியிருக்கும்?"

இத்தனை வருசம் உரித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: குண்டு மானோடு நின்றுவிடும், வீடு வரை வராது என்று நினைத்து விசையை இழுக்கிறவர்களால்தான் என் தொழில் நடந்தது.