பயறளவில் தெரிந்த றெயின்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் உண்டு, முன்பின்னாக வந்தால் குறை நினைக்காதீர்கள். கேற் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றார்கள், எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்ன றெயில் கடவையில் கேற் பார்த்தேன். தண்டவாளம் பற்றைக்காட்டுக்குள் வளைந்து போவதால் வருகிற றெயின் நேரே தெரியாது. அதற்காகக் கம்பத்தில் ஒரு குவிந்த கண்ணாடி பூட்டியிருந்தது. அதில் றெயின் பயறளவில் தெரிந்தால் இன்னும் தூரம். ஒரு வாகனத்தை விடலாம். புளியங்கொட்டை அளவானால் கேற்றை இறக்கிவிடுவேன்.

ஒரு நாள் மண் ஏற்றிவந்த ரிப்பர் லொறி ஒன்று கம்பத்தில் இடித்துக் கண்ணாடி உடைந்தது. புதிதாகப் பூட்டியது பழையதைவிடக் கூட வளைந்தது. முன்பு தெரியாத வாய்க்காலும் வயலும்கூட அதில் தெரிந்தன. எனக்கு நல்ல சந்தோஷம்.

அடுத்த நாள் காலை, தினமும் கடவையால் வயலுக்குப் போகிற யோகனின் ரக்டர் வந்தது. பின் பெட்டி நிறைய அறுவடைக்குப் போகிற பெண்கள். கண்ணாடியைப் பார்த்தேன். பயறளவு.

"என்னக்கா யோசிக்கிறியள்? உங்கட றெயின் வந்து சேர நான் வயலே வெட்டி முடிச்சிடுவன்."

"சரி, கெதியாப் போ."

ரக்டர் தண்டவாளத்தில் ஏறவும் றெயினின் ஹோர்ன் அலறியது. றெயின் வளைவால் வெளியே வந்துவிட்டது.

"இழு தம்பி, இழு!" என்று கத்தினேன்.

பெட்டியின் பின்சில்லு தண்டவாளத்தைவிட்டு இறங்கியதும் றெயின் கடந்து போனது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எல்லாரும் அழுதோம். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருந்த புஷ்பம், "ஐயோ, என்ர சோத்துப் பார்சல் விழுந்து போச்சு!" என்றாள். அழுதவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னேரம் கண்ணாடி பூட்டியவர் வந்தார். உடைந்த பழைய கண்ணாடித் துண்டைப் புதியதின் பக்கத்தில் பிடித்தார்.

"ரெண்டிலயும் என்ர தொப்பியைப் பாருங்கோ அம்மா. வளைவு கூடினா இடம் கூடத் தெரியும், ஆனா எல்லாம் சின்னனாத்தான் தெரியும். பூட்டேக்க நான் சொல்லியிருக்க வேணும்."

புதியதில் பயறு என்றால் பழையதில் அது புளியங்கொட்டை.

"அப்ப அளவைப் பாக்காதேங்கோ அக்கா," என்றான் வயலால் திரும்பி வந்து நின்ற யோகன். "வளைவுக்கு அங்கால தண்டவாளக் கரையில நிக்கிற அந்த ஒற்றைப் பனையைப் பாருங்கோ. எந்தக் கண்ணாடியில எண்டாலும் பனை நிண்ட இடத்திலதானே நிக்கும்?"

கண்ணாடியில் தெளிவாகத் தெரியவென்று பனைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பிறகு, றெயின் பனையடிக்கு வர முதலே கேற்றை இறக்கிவிடுவேன். வேலையை விடும்வரை ஒரு பிழையும் நடக்கவில்லை.

கண்ணாடியில் பார்க்கும் பருமனை நம்பித் தூரத்தைச் சொல்லாதீர்கள். கண்ணாடி மாறினால் பருமனும் மாறும். பனையடியிலிருந்து றெயின் வர எடுக்கும் நேரம் ஒரு வாகனம் கடக்கப் போதுமா என்று கையில் மணிக்கூடு உள்ள ஒருவர் அங்கே நின்று பார்த்தால் நல்லது. நான் மனதுக்குள் எண்ணித்தான் பார்த்தேன்.