ஈதர் நோட்டும் தூங்காத பிள்ளைகளும்

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கிறவனுக்கு இரண்டு பயம்: தூங்குமா, தூங்கினது எழுந்திருக்குமா. ஈதர் வாடையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்த சக கம்பவுண்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். பிள்ளையின் முகத்தில் வைத்த துணியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். டாக்டர் டான்சில் எடுப்பார். ஒரு நாள் ஒரு நோட்டைக் கொடுத்து, ஆபரேஷன் ஆன ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் விசாரிக்கச் சொன்னார். "புஸ்தகத்துல எல்லாப் பிள்ளையும் தூங்குது. நம்ம ஊர்ல தூங்குதா இல்லியான்னு பாரும்வே."

எண்ணத் தெரியாதவன்

மருந்து விடும்போது பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எதில் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்வேன். சுந்தரபாண்டியபுரத்துப் பையன் ஒருவனுக்கு எண்ணத் தெரியவில்லை. குற்றாலத்து அருவிகளைச் சொல்லச் சொன்னேன். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி என்றான்; சத்தம் நின்றது. பென்சிலை எடுத்தேன். துணிக்கடியிலிருந்து குரல் வந்தது: "அதுக்கு மேல எங்கய்யா கூட்டிட்டுப் போனதில்ல, அண்ணாச்சி."

இலத்தூர் விசாரணை

என் சட்டை வாடை எனக்கு முன்னால் போயிருக்க வேண்டும். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஆபரேஷன் ஆன பயல் கொய்யா மரத்தில் ஏறிவிட்டான். வலித்ததா என்று கேட்டேன். அம்மா "இல்ல" என்றாள். வாந்தி எடுத்தானா? அதற்கும் அவளே "இல்ல". அவன் சொல்லட்டும் என்றேன். மேலிருந்து கேட்டான்: "நான் என்ன சொன்னா நீங்க போவிய?"

பாவூர்சத்திரத்து அக்கா

எட்டு வயதுப் பெண். நோட்டில் அவளுக்கு "நல்ல தூக்கம்" என்று எழுதியிருந்தேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "கத்தரி கீழ விழுந்துச்சு. கண்ண எங்கன வச்சிருக்கன்னு டாக்டர் ஒங்கள ஏசுனாவ." அத்தனையும் உண்மை. அன்று அவசரத்தில் சொட்டைச் சீக்கிரம் நிறுத்தியவன் நான். அடுத்த திங்கள்கிழமை அவள் தம்பிக்கு அதே ஆபரேஷன். அன்றைக்கு ஏன் அசையவில்லை என்று அவளிடம் கேட்டேன். "கையத்தான் போர்வைக்குள்ள வச்சுக் கட்டிட்டியளே!"

திங்கள்கிழமை

நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதி, டாக்டரிடம் நீட்டினேன். படித்தார், ஏசவில்லை. தம்பியின் கைகளை வெளியே விடச் சொன்னார். நான் சொட்டு விட விட, அந்தச் சின்னக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அது துவண்டு தானாக விழுந்த பிறகுதான் கத்தரியைத் தொட்டார். ஒரு வாரம் கழித்துப் போனபோது, அக்காவை முறைத்துக்கொண்டு தம்பி சொன்னான்: "எல்லாம் கேக்கும்னு இவ பொய் சொல்லுதா அண்ணாச்சி. கண்ண மூடுனேன், தொறந்தேன், அம்மா நின்னா. ஒண்ணுமே கேக்கல."

அந்த நோட்டு முழுவதிலும் நான் நம்புகிற சாட்சி, உண்மை சொன்ன அக்காவைப் பொய்க்காரியாக்கிய அந்தப் பயல் ஒருவன்தான்.