முலாம்பழத்துக்குக் கட்டிய தூளி

மோகனூர் போனபோது வாங்கிய முலாம்பழத்தின் விதையை மாசியில் மொட்டைமாடித் தொட்டியில் போட்டிருந்தேன். கொடி பந்தலேறி ஒரே ஒரு காய் பிடித்தது. கனம் தாங்காமல் விழுந்துவிடக் கூடாதென்று பழைய நூல் சேலையைக் கிழித்து அதற்கொரு தூளி கட்டினேன்.

இன்று காலை பார்த்தால் தூளியில் மஞ்சள், குங்குமம்!

கீழ் வீட்டில் குடியிருக்கும் கோகிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா வெச்சே?"

"ஆமாங்க்கா. கோயில் மரத்துல கட்டுற மாதிரி, புள்ளை வரம் கேட்டுக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சனுங்க. நானும் உங்களுக்காகக் கும்புட்டுக்கிட்டேன்."

"எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு சாமி!"

"அதுக்கென்னங்க்கா?"

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். எனக்கு இருபது. இரண்டு வீட்டிலும் குழந்தை இல்லை. தனக்குக் கேட்காமல் எனக்குக் கேட்டிருக்கிறாள்.

தூளித் துணியை விலக்கிக் காட்டினேன்.

"அட, பழத்துக்குங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தொட்டதும் பழம் தானாகக் காம்பை விட்டு உள்ளங்கைக்கு வந்தது. மாடியெல்லாம் வாசம். ஈரச் சேலைகளின் நிழலில் உட்கார்ந்து, கையாலேயே பிளந்து தின்றோம். வெயில்கூட மெதுவாக நகர்ந்த மாதிரி இருந்தது.

பிறகு காலித் தூளியை அவிழ்க்கப் போனேன். கோகிலா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கும்புட்டது கும்புட்டதுதானுங்க்கா. அவுக்காதீங்க."

அது காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பக்கத்திலேயே இன்னொரு பிஞ்சு விட்டிருக்கிறது. யாரிடமாவது பழைய நூல் சேலை இருக்கிறதா?